சீன எல்ம் போன்சாய்: கொங்கு நாட்டு வெயிலிலும் காற்றிலும் வளர்ப்பதும் கவாத்துச் செய்வதும்

முருங்கையைக் கவாத்துச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு எல்ம் மரத்தின் போக்கு எளிதில் பிடிபடும். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் காய்ப்பு ஓய்ந்த செடிமுருங்கையை இடுப்பு உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். மொட்டையாக நிற்கும் தண்டில் கொஞ்ச நாளில் நாலைந்து கண் திறந்து, வெட்டுக்குக் கீழே புதுக் கிளை அடர்ந்து வரும். தட்டில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரமான சீன எல்மும் அப்படித்தான். எவ்வளவு வெட்டினாலும் தாங்கும், பழைய மரக்கட்டையிலிருந்துகூடத் துளிர்க்கும். ஆனால் வெட்டுவதற்கு முன் அது ஓடி வளர்ந்திருக்க வேண்டும். வளரவே விடாமல் வாராவாரம் நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தால் அடிமரமும் பருக்காது, கிளையும் பருக்காது. மேலே மட்டும் பந்து போல இலை அடைத்துக்கொண்டு உள்ளே கிளைகள் காய்ந்து போகும். புதிதாக வாங்கியவர்களின் மரங்கள் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் கெடுகின்றன: ஒன்று இந்தக் கிள்ளல், இன்னொன்று தண்ணீர். இரண்டையும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

எது சீன எல்ம்

சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளில் இயல்பாக வளரும் மரம் இது. நர்சரிகளில் ‘சைனீஸ் எல்ம்’ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். நம் ஊர் ஆயா மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதன் இலை பெரிது, கசக்கினால் நாற்றம் அடிக்கும், சின்னத் தட்டில் அழகாக நிற்காது.

வாங்கும்போது இலையை ஒன்று கிள்ளிப் பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. நீளம் இருக்கும், ஓரம் ரம்பப் பல் போல இருக்கும். காம்பு சேரும் இடத்தில் இலையின் இரண்டு பாதியும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் சற்றுக் கீழே இறங்கி நிற்கும். இலைகள் எதிரெதிராக வராமல் ஒன்று இடது, அடுத்தது வலது என்று மாறி மாறி வரும். இந்த மாறி வரும் வரிசைதான் பின்னால் கவாத்துக்கு நமக்கு வழிகாட்டப் போகிறது. முதிர்ந்த மரத்தில் பட்டை சிறு சிறு செதிலாக உதிர்ந்து, அடியில் ஆரஞ்சும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். இலை பளபளப்பாக, கரும்பச்சையாக, மேல்பக்கம் வெள்ளைப் புள்ளிகளோடு இருந்து சின்ன வெள்ளைப் பூவும் இருந்தால் அது எல்ம் அல்ல, ஃபுகியன் டீ. அதற்கான பராமரிப்பு வேறு.

கடையில் வளைந்து நெளிந்த அடிமரத்தோடு நிற்கும் மரங்கள் பலவும் களிமண் கட்டியில் வளர்ந்தவை. மேலே நாலு கூழாங்கல் பரப்பி இருப்பார்கள், அதை விலக்கிவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். மண் கல்லாக இருந்து, ஊற்றின தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடினால், வெளிமண் நனைந்தும் நடுக்கட்டி காய்ந்தும் கிடக்கும். அப்படிப்பட்ட மரத்தை வாங்கக் கூடாது என்பதில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றே பிரித்து மாற்றாதீர்கள், அவ்வளவுதான். இடம் பழக மூன்று நான்கு வாரம் விடுங்கள். தண்ணீர் இறங்காவிட்டால் மூங்கில் குச்சியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, தட்டோடு ஒரு தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். மண் மாற்றுவதைத் தை மாதம் வரை தள்ளிப் போடலாம்.

எங்கே வைப்பது

வீட்டுக்குள் வைக்கும் மரம் அல்ல. டி.வி. பக்கத்திலும் வரவேற்பறை மேசையிலும் வைத்தால் சில வாரங்களில் கொழுந்து வெளுத்து நீண்டு, இலை கொட்டத் தொடங்கும். விருந்தாளி வரும் அன்றைக்கு உள்ளே கொண்டு வந்து வைத்துவிட்டு ராத்திரியே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

காலை வெயில் நாலு முதல் ஆறு மணி நேரம் பட வேண்டும். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே கிழக்குப் பார்த்த பால்கனியே வருடம் முழுக்கப் போதும். ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் கதை வேறு. பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரி வரை போகிறது. பதினொரு மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலையின் கீழே மரம் இருந்தாக வேண்டும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் தட்டைத் தளத்தில் நேராக வைக்கக் கூடாது. ஆறு செ.மீ. ஆழமே உள்ள தட்டில், சூடேறிய கான்கிரீட்டின் வெப்பம் அடி வேரை நேராகத் தாக்கும். இரண்டு செங்கல்லின் மேல் ஒரு பலகை போட்டு அதன் மேல் வையுங்கள், அடியில் காற்று போகட்டும். ஊட்டி, ஏற்காடு போன்ற குளிர்ந்த இடங்களில் பனிக்காலத்தில் மரம் இலையை உதிர்க்கலாம். சமவெளியில் முழுவதும் உதிர்க்காது. மார்கழியில் உள்பக்கத்துப் பழைய இலைகள் மஞ்சளாகிக் கொட்டும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

வெயிலைவிட நம் பகுதியில் அதிகம் கவனிக்க வேண்டியது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கும் மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) ஆவணி வரை ஓயாது. உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதே அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், மூன்று கிலோ தட்டு எம்மாத்திரம். மரம் கீழே விழுவது ஒரு பக்கம் இருக்கட்டும். வெயில் தெரியாத மூடாக்கான நாளில்கூட அந்தக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வேர் அதே வேகத்தில் தண்ணீர் தர முடியாது, இலை ஓரம் தீய்ந்து பழுப்பாகும். வெயில்தான் இல்லையே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் மரத்தை இழப்பது இந்த மாதங்களில்தான். மேற்குப் பக்கம் ஒரு சுவர், அல்லது நிழல்வலையை நிற்க வைத்துக் கட்டிய தடுப்பு வேண்டும். தட்டைப் பலகையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

தண்ணீர்

ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சி அளவில் ஒரு மரக்குச்சியைத் தட்டின் ஓரமாக இரண்டு செ.மீ. ஆழத்துக்குச் செருகி வையுங்கள். காலையில் உருவிப் பாருங்கள். குச்சி கருத்து, தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடலாம். நிறம் வெளுக்கத் தொடங்கி, லேசாகத்தான் ஈரம் தெரிகிறது என்றால் அப்போதே ஊற்றுங்கள். முழுக்கக் காய்ந்து வரும் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு மாதம் இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு தட்டைத் தூக்கிப் பார்த்த கனத்திலேயே கைக்குத் தெரிந்துவிடும்.

ஊற்றும்போது பூவாளியால் மண் முழுக்க நனையும்படி, அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓடும் வரை ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடம் விட்டு மறுபடியும் ஒரு முறை. ஒரு டம்ளர் தண்ணீரைத் தூரில் மட்டும் ஊற்றினால் ஓர வேர்கள் காய்ந்தே கிடக்கும். தட்டின் அடியில் தண்ணீர் தேங்கும் சாஸரும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் காலை, மாலை இரண்டு வேளையும் வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் நாலு நாளுக்குக்கூடத் தேவைப்படாது. அப்போது தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்துச் சாய்த்து வைத்தால் மிச்சத் தண்ணீர் வடிந்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். சிறுவாணித் தண்ணீர் கிடைப்பவர்களுக்குக் கவலை இல்லை, ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்து ஊற்றினால் போதும். போர்த் தண்ணீர்தான் பிரச்சினை. தொடர்ந்து உப்புத் தண்ணீர் ஊற்றினால் தட்டின் விளிம்பிலும் அடிமரத்திலும் வெள்ளையாகப் படியும். அதற்கு அடுத்து, புதுக் கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். உரம் பற்றாமல் வருவது அல்ல இது. காரத் தன்மை கூடியதால் மண்ணில் இருக்கும் இரும்பை வேர் எடுக்க முடியாமல் போகிறது. இந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் உப்பும் கூடும், வேர் கருகும். வேறு வழி இல்லாமல் போர்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் மாதம் ஒரு முறை தட்டின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். மஞ்சள் வந்துவிட்டால் லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அரை கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். கருகவில்லை என்றால் மீதிக் கிளைகளுக்கும் தெளித்து, பத்து நாள் இடைவெளியில் இன்னொரு முறை கொடுங்கள். கலக்கின அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும்.

கவாத்து

கருவி மூன்று போதும்: நுனி மெலிந்த கத்திரி ஒன்று, பென்சில் தடிமன் கிளைக்குக் கவாத்துக் கத்திரி ஒன்று, அதற்கு மேல் தடித்ததற்குச் சின்ன ரம்பம். கிளையை அடியோடு எடுக்கும்போது லேசாகக் குழிவாக வெட்டும் போன்சாய் கட்டர் இருந்தால் நல்லது. காயம் மூடி ஆறும்போது புடைப்பு தெரியாது. ஒரு மரத்தில் வெட்டி முடித்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் கத்திரியின் வாயைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

இப்போது ஒரே ஒரு கொழுந்தை எடுத்துக்கொள்வோம். மாசியில் கிளம்பிய கொழுந்து, மூன்று நான்கு வாரத்தில் ஒரு சாண் நீண்டு எட்டு இலையோடு நிற்கிறது. அடிப்பக்கம் இன்னும் பச்சையாக இல்லாமல் பழுப்பேறி, வளைத்தால் சற்று விறைப்பாக இருக்கிறது. வெட்டத் தகுந்த நேரம் இதுதான். அடியிலிருந்து எண்ணுங்கள். முதல் இலை இடது பக்கம், இரண்டாவது வலது பக்கம். ஒவ்வொரு இலைக்காம்பின் கக்கத்திலும் கடுகைவிடச் சின்னதாக ஒரு மொட்டு இருக்கும், கண்ணாடி போட்டால் தெரியும். இரண்டாவது இலைக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் மொட்டே காய்ந்துவிடும். ஒரு செ.மீ. விட்டால் அந்தத் துண்டு காய்ந்து முள்ளாக நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கக்கத்து மொட்டு திறந்து, வலது பக்கமாகப் புதுக் கொழுந்து ஓடும். அதற்குக் கீழே உள்ள மொட்டிலிருந்து இடது பக்கம் இன்னொன்று வரும். ஒன்று இரண்டாகிவிட்டது. அந்த இரண்டும் மறுபடி ஏழெட்டு இலை விட்ட பிறகு, இரண்டு இரண்டு இலைக்கு வெட்டினால் நாலாகும். போன்சாயில் நாம் பார்க்கும் நுணுக்கமான கிளை அடர்த்தி முழுவதும் இப்படி வந்ததுதான். கிளை அடர அடர இலையும் சிறுக்கும், ஒரு செ.மீ. வரைகூட இறங்கும்.

கடைசியாக விட்ட இலை எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் கிளை திரும்பும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கம்பியே கட்டாமல் கிளையை விரும்பிய பக்கம் திருப்பலாம். தென்சீனத்தின் குவாங்டோங் பகுதியில் லிங்நான் என்ற மரபில் மரங்களை முழுக்க இப்படி வளரவிட்டு, வெட்டி, திருப்பித்தான் உருவாக்குகிறார்கள். அந்த முறைக்கு எல்ம் பொருத்தமான மரம். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டினால் கிளை வெளியே விரியும். மரத்தின் நடுவைப் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டினால் கிளைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு சிக்கலாகும்.

வெட்டும்போது மேல்பகுதியில் கை தாராளமாகவும் கீழ்ப்பகுதியில் அடக்கமாகவும் இருக்க வேண்டும். எல்ம் தன் பலத்தை உச்சிக்கும் ஓரங்களுக்கும் அனுப்பும் மரம். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினால் உச்சி பருத்து, கீழ்க்கிளை நிழலில் மெலிந்து செத்துவிடும். உச்சியில் கொழுந்து ஐந்தாறு இலை விட்டதுமே ஒரு இலைக்கு வெட்டுங்கள். நடுவில் இரண்டு இலைக்கு. பலவீனமான கீழ்க்கிளையை அந்த முறை தொடவே வேண்டாம். ஒரு கிளை பருக்க வேண்டுமா, அதன் நுனியை ஒரு பருவம் முழுக்க வெட்டாமல் 30, 45 செ.மீ. வரை ஓட விடுங்கள். அசிங்கமாகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். தேவையான தடிமன் வந்த பிறகு அடியில் இரண்டு கணு விட்டு வெட்டிக்கொள்ளலாம். அடிமரம் பருப்பதற்கும் இதுவே வழி. விரல் தடிமன் கன்றைத் தட்டில் வைத்து அடிமரம் பருக்கும் என்று காத்திருந்தால் பத்து வருடமானாலும் பெரிதாக மாறாது. அதை 12 இஞ்ச் தொட்டியிலோ தோட்டத்து மண்ணிலோ இரண்டு மூன்று வருடம் ஓட விட்டு, பிறகு வெட்டித் தட்டுக்குக் கொண்டு வர வேண்டும்.

வெட்டின இடத்தைச் சுற்றி எல்ம் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அப்படியே விட்டால் ஒரே இடத்திலிருந்து நாலைந்து கிளை கிளம்பி, அந்த இடம் முடிச்சு போல வீங்கிவிடும். பிறகு சரி செய்ய அடியோடு வெட்டுவதைத் தவிர வழியில்லை. துளிர் இரண்டு செ.மீ. இருக்கும்போதே நல்ல திசையில் இருக்கும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை விரலால் உரித்துவிடுங்கள். கிளையின் மேல்பக்கத்தில் நேராக நிமிர்ந்து வருவதையும், அடிப்பக்கத்தில் தொங்கி வருவதையும், இரண்டு கிளை பிரியும் கவட்டில் வருவதையும் அதே கையோடு எடுத்துவிடலாம். தூரிலிருந்து வரும் துளிர்களும் வேண்டாம், அவை பலத்தை இழுத்துக்கொள்ளும்.

இந்தச் சில்லறைக் கவாத்தை மாசி முதல் ஐப்பசி வரை மூன்று முதல் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை செய்யலாம். ஆடிக் காற்றில் மரம் திணறும்போதும், இலை மஞ்சளாக நோயில் இருக்கும்போதும் செய்யக் கூடாது. பெரிய கிளையை அடியோடு எடுப்பது, உச்சியைக் குறைப்பது போன்ற வேலைகளுக்குத் தை கடைசியும் மாசித் தொடக்கமும் நல்லது. அது தவறினால் காற்று ஓய்ந்த ஆவணிக் கடைசி. எந்தக் கிளையை எடுப்பது என்று தெரியாவிட்டால் மரத்தை உங்கள் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைத்துப் பாருங்கள். முதல் கிளை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குவது பார்வைக்கு நன்றாக இருக்கும். ஒரே மட்டத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கிளை இருந்தால் ஒன்றை எடுங்கள். சந்தேகம் வந்தால் அந்தக் கிளையில் ஒரு நூலைக் கட்டி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வெட்டலாம், அவசரமே இல்லை. சுண்டுவிரலை விடத் தடித்த காயத்துக்குத் தென்னைக்குத் தடவும் போர்டோ பசையையே மெல்லியதாகத் தடவலாம், அதைவிடச் சின்னக் காயங்கள் தானாக ஆறிவிடும்.

ஒரு எச்சரிக்கை. பாதி இலையை வெட்டி எடுத்த மரம் முன்பு குடித்த தண்ணீரில் பாதிதான் குடிக்கும். வெட்டின மறுநாளும் பழைய பழக்கத்தில் ஊற்றினால் மண் சொதசொதவென்று நின்று வேர் அழுகும். கவாத்துச் செய்த இரண்டு வாரத்துக்கு மரக்குச்சி சொல்வதை மட்டும் கேளுங்கள்.

கம்பி

வெட்டித் திருப்ப முடியாத கிளைக்கு மட்டும் அலுமினியக் கம்பி. கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் இருந்தால் போதும், 45 டிகிரி சாய்வில் சுற்றுங்கள். பென்சிலுக்கு மேல் தடித்த பழைய கிளை ஒடிந்துவிடும், அதை வளைக்க முயல வேண்டாம். எல்ம் நம் வெயிலில் வேகமாகப் பருப்பதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, அழுந்துவது போலத் தெரிந்தால் உடனே எடுங்கள். எடுக்கும்போது சுற்றிக் கழற்றாமல் கட்டிங் பிளேயரால் சுற்றுக்குச் சுற்று நறுக்கி எடுக்க வேண்டும். கம்பித் தழும்பு மறைய வருடக்கணக்காகும்.

உரமும் பூச்சியும்

வளரும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு ஒரு கிராம் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ளது) கரைத்து ஊற்றலாம். இயற்கை உரம்தான் வேண்டும் என்றால் 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதம் இரண்டு முறை ஊற்றுங்கள். ஈரமான மண்ணில்தான் உரம் ஊற்ற வேண்டும். மார்கழியில் நிறுத்திவிடலாம்.

கோடையில் வருவது செம்பேன். இலையின் மேல்பக்கம் தவிடு தூவியது போல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது பேன். மூன்று நாளுக்கு ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் கட்டுப்படும். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை, நாலு சொட்டு காதி சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்கி மாலையில் தெளியுங்கள். மாவுப்பூச்சியைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து எடுக்கலாம். மரத்தில் எறும்பு ஏறினால் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம், எறும்பு மருந்து போட்டுப் பயனில்லை.

தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று எல்முக்குத் தெளித்துவிடாதீர்கள். டைமெத்தோயேட் போல மரத்துக்குள் ஊடுருவும் மருந்துகள் சீன எல்முக்கு ஆகாது, இலை முழுவதும் கொட்டிவிடும். கந்தகச் சுண்ணாம்புக் கரைசலும் அப்படியே.

மண்கலவையும் வேர்க் கவாத்தும்

வெறும் செம்மண் வேண்டாம், கரிசல் வேண்டவே வேண்டாம். நிலத்தில் நல்ல மண் என்று பேரெடுத்தது ஆறு செ.மீ. தட்டில் நாலு மாதத்தில் இறுகி, காற்றுப் போகாமல் அடைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது குருணைக் கலவை. 25 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழமுள்ள தட்டுக்குச் சுமார் இரண்டு லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் செங்கல் குருணை, அரை லிட்டர் ஜல்லிக் குருணை, அரை லிட்டர் நன்றாக மக்கிய இலைமக்கு அல்லது தொழுவுரம்.

செங்கல் நன்றாக வெந்த சூளைச் செங்கலாக இருக்க வேண்டும். ஒரு துண்டை ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் விரலால் தேயுங்கள். சேறாகக் கரைந்தால் அது வேகாத கல், ஆகாது. சிமெண்டு கல்லும் ஃப்ளை ஆஷ் கல்லும் காரத் தன்மை உள்ளவை, சுண்ணாம்பு ஒட்டிய பழைய சுவர்க்கல்லும் அப்படியே. உடைத்து, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் குருணையை மட்டும் சலித்து எடுத்துத் தூளைக் கழுவி விடுங்கள். எம்-சாண்ட் தூள் இடைவெளியை அடைத்துவிடும், அதைச் சேர்க்காதீர்கள். பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கும். மக்குக்குப் பதில் பாதி வரை அதைச் சேர்க்கலாம், இரண்டு முறை நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து உப்பை நீக்கிய பிறகு.

தை கடைசியில், மொட்டுகள் உப்பத் தொடங்கி இன்னும் விரியாத சமயத்தில் மாற்றுங்கள். இளமரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, முதிர்ந்ததற்கு மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை. முந்தின நாள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மண் உதிர வேண்டும். கலவை, தட்டு, கம்பி எல்லாம் தயாராக இருந்த பிறகே மரத்தைக் கழற்றுங்கள். வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் சல்லி வேர் சில நிமிடத்திலேயே காயும், அதனால் நிழலில் வேலை செய்து பூவாளியால் அவ்வப்போது நனையுங்கள். தட்டின் துளைகளை நைலான் கொசுவலைத் துண்டால் மூடி, மரத்தைப் பிடித்துக் கட்ட ஒன்றரை மில்லிமீட்டர் கம்பியைத் துளை வழியாக முன்கூட்டியே கோத்து வையுங்கள்.

மூங்கில் குச்சியால் வேர்க்கட்டை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கோதி, வட்டமாகச் சுற்றிய வேர்களைப் பிரியுங்கள். நேர் கீழே போகும் தடித்த வேர்களை வெட்டுங்கள். தூரைச் சுற்றி நாலாபக்கமும் பரவும் வேர்களை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். களிமண் கட்டியில் வந்த மரமாக இருந்தால் முதல் முறை ஒரு பாதியை மட்டும் பிரித்துப் புதுக்கலவை நிரப்பி, மறு பாதியை அடுத்த வருடம் பாருங்கள். கறுத்து, அழுத்தினால் தோல் உரியும் வேர் அழுகியது, அதை நல்ல பகுதி வரும் வரை வெட்டுங்கள். தட்டில் கலவையைச் சிறு மேடாக்கி, மரத்தை வைத்து அசைத்து அமர்த்தி, கம்பியால் இறுகக் கட்டுங்கள். மரம் ஆடினால் புது வேர் நுனி ஒடிந்துகொண்டே இருக்கும். வேர்களுக்கு நடுவே குச்சியால் குத்திக் குத்திக் கலவையை இறக்குங்கள், வெற்றிடம் இருந்தால் அங்கே வேர் காயும். அடித்துளையில் தெளிந்த தண்ணீர் வரும் வரை ஊற்றி, காற்றுப் படாத நிழலில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். உரம் நாலு வாரத்துக்குப் பிறகு. முதல் வருடத்தில் வேர் வேலையையும் பெரிய கிளை வெட்டையும் ஒரே சமயத்தில் செய்யாமல், கிளையை ஆவணிக் கடைசிக்குத் தள்ளுவது நல்லது.

வெட்டின வேர்களைத் தூக்கி எறிய வேண்டாம். பென்சில் தடிமன் உள்ளவற்றை ஐந்து முதல் ஏழு செ.மீ. துண்டாக நறுக்குங்கள். எது மரத்தின் பக்கம் இருந்த முனை என்று குழம்பாமல் இருக்க, அந்த முனையை நேராகவும் மறுமுனையைச் சாய்வாகவும் வெட்டிக்கொள்ளுங்கள். நேர் முனை ஒரு செ.மீ. வெளியே தெரியும்படி நர்சரிப் பையில் அதே கலவையில் நட்டு, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் ஆறு வாரத்துக்குள் வெட்டுவாயைச் சுற்றித் துளிர் வரும். வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை உரித்துவிடுங்கள். அந்தக் கன்றை ஐப்பசி மழையில் தோட்ட மண்ணில் இறக்கி, இரண்டு வருடம் கத்திரி படாமல் ஓட விடுங்கள்.